சவாரி யானைக்கு ஓய்வு: இடுக்கியில் ஒரு நிகழ்வு ஆய்வு

இடுக்கி மாவட்டத்துச் சுற்றுலா ஊர் ஒன்றில் சவாரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் யானையை 2023 ஜூனில் வேலையிலிருந்து நிறுத்தினோம். மூன்றே வாரத்தில் அவள் கால்கள் முன்பைவிட மோசமாகின. ஆறாவது வாரம் உயிருக்கே ஆபத்து வந்தது. காரணம் நாங்கள் போட்ட திட்டம்தான். இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் இடையில் நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இதே வேலையில் இறங்கும் பலர் இதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். நான் அந்த யானைக்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர். என்னோடு ஓய்வுபெற்ற வனச்சரகர் ஒருவரும், நிதி திரட்டிய இரண்டு நண்பர்களும் இருந்தார்கள். யானை உட்பட யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை.

பின்னணி

உரிமைச் சான்றிதழில் அவளுக்கு 51 வயது. இளமையில் மரக்கூப்பில் தடி இழுத்தவள். கூப்பு வேலை குறைந்த பிறகு, இப்போதைய முதலாளியின் அப்பா காலத்தில் இந்தக் கொட்டகைக்கு வந்து, அப்புறம் சவாரிக்கு மாறினாள். கொட்டகையில் இன்னும் இரண்டு பெண் யானைகள். ஒருத்தி இவளைவிட மூத்தவள், இன்னொருத்திக்கு 28 வயது.

சவாரிப் பாதை ஒரு சுற்றுக்கு 400 மீட்டர். பாதி தார், பாதி கல். முதுகில் சாக்கும் மெத்தையும் போட்டு, மேலே இரும்புச் சட்டம் வைத்த இருக்கை. அது பின்னுக்கோ முன்னுக்கோ நகராமலிருக்க வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு, வாலுக்கு அடியில் ஒரு கயிறு. ஒரு சுற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பெரியவர்கள். அக்டோபரிலிருந்து மே வரை கூட்டம். விடுமுறை நாட்களில் 15, 16 சுற்று போகும். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வேலை குறையும்.

பாகன் கம்பம் பக்கத்துக்காரர். 19 வருஷமாக அவளோடு இருக்கிறார். இடத்தானே, வலத்தானே என்று மலையாளத்தில் கட்டளை சொல்லி, மற்ற நேரமெல்லாம் தமிழில் பேசுவார். அவருக்குச் சம்பளம் 12,000 ரூபாய். நாங்கள் விசாரித்தது அந்தச் சம்பளத்தை மட்டும்தான். வேறு வருமானம் உண்டா என்று கேட்கவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கேட்காத கேள்விதான் வேர்.

எங்களை அழைத்தவர் முதலாளியே. யானையின் முன்கால் நகம் ஒன்று வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனங்கள் பல, யானைச் சவாரி உள்ள இடங்களைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதும் அவர் மனதில் இருந்தது. அவரை நான் குறை சொல்ல வரவில்லை. மூன்று யானைக்குத் தினமும் தீனி போட வேண்டிய ஒரு மனிதர், வழி தேடிக்கொண்டிருந்தார்.

முதல் பரிசோதனை: 2023 ஜனவரி

யானை தன் எடையில் சுமார் அறுபது சதவீதத்தை முன்கால்களில் தாங்குகிறது. அதனால் முதலில் கெடுவதும் பெரும்பாலும் முன்கால்தான். இவளுக்கு இடது முன்காலில் நடு நகம் நெடுக வெடித்து, அடியில் சீழ்ப்பை. வலது முன்காலில் இரண்டு நகங்களை ஒட்டிய தோல் வளர்ந்து தடித்திருந்தது. நான்கு உள்ளங்கால்களிலும் வெடிப்பு. சரளைக் கற்கள் உள்ளே சிக்கியிருந்தன. இரவில் நிற்கும் இடம் சிமெண்டுத் தரை. சிறுநீர் ஓடிப்போகச் சரிவு இல்லை. யானைக்கு வியர்வை சுரப்பதே நகங்களை ஒட்டிய இடத்தில்தான். இயல்பாகவே ஈரம் தங்கும் அந்த இடம் இரவெல்லாம் சிறுநீரில் ஊறினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

முதுகெலும்பின் மேல் இரண்டு பழைய தழும்பு, ஒரு புதுப் புண். யானையின் முதுகு பார்க்க அகலமாக இருந்தாலும், நடுவில் எலும்பு முனைகள் மேல்நோக்கி நிற்கின்றன. சட்டத்தின் பாரம் அங்கேதான் அழுத்தும். வாலடிக் கயிறு உரசி அங்கே தோல் காய்த்துப் போயிருந்தது. வலது கண்ணில் வெண்படலம். சாணத்தில் நார் நீள நீளமாக வந்தது, அதாவது பல் தேய்ந்து மெல்ல முடியவில்லை. கட்டியிருந்த நேரமெல்லாம் உடம்பை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆடுகிறாள் என்று பார்க்க வருகிறவர்கள் கைதட்டினார்கள். அது சிறைபட்ட மிருகத்தின் மன உளைச்சல்.

அன்று காலை பாகனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ராத்திரி படுக்குறாளா அண்ணே?"

அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். "படுத்து ஒரு வருசம் இருக்கும் சார். விலாவுல மண்ணே இருக்காது. சுவத்துல சாஞ்சு நிப்பா."

யானை குறைவாகத்தான் தூங்கும், ஆனால் படுக்க வேண்டும். கால் வலிக்கிற யானை படுக்காது. படுத்தால் எழ முடியாது என்ற பயம். காலையில் விலாவில் மண் ஒட்டியிருக்கிறதா என்பதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டு வருஷம் நாங்கள் தினமும் குறித்துவைத்ததும் அதைத்தான்.

காசநோய்ச் சோதனையும் செய்தோம். யானைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதனிடமிருந்து தொற்றும் காசநோய்தான். தும்பிக்கையைக் கழுவி எடுத்த நீரில் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி அனுப்பினோம். கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்கும் சோதனை நடந்தது. யாருக்கும் நோய் இல்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

தமிழ்நாட்டு வனத்துறை முகாம்களில் வேலை யானைக்கு ஓய்வு என்பது ஏற்கெனவே உள்ள வழக்கம். 2023 மார்ச்சில் ஆனைமலையின் கோழிகமுத்தி முகாமில் கும்கி கலீம் 60 வயதில் ஓய்வுபெற்றபோது அணிவகுத்து மரியாதை செய்தார்கள். அந்தச் செய்தி எங்கள் பேச்சுவார்த்தை நடந்த மாதத்தில்தான் வந்தது, முதலாளியின் மனதையும் தொட்டது. அரசு முகாமில் ஓய்வுக்குப் பிறகும் அதே காடு, அதே ரேஷன், சம்பளம் வாங்கும் பாகன். தனியார் யானைக்கு இதில் எதுவும் தானாக வருவதில்லை.

முதலில் பலர் கேட்டது, விலைக்கு வாங்கி விடலாமே என்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானையை விற்க முடியாது. அப்படியே ஏதோ ஒரு பெயரில் பணம் கொடுத்தாலும், அந்தப் பணம் இன்னொரு யானையைச் சவாரிக்குக் கொண்டுவரப் போகும். காட்டில் விடலாம் என்றார்கள் சிலர். பல் தேய்ந்த, கண் மங்கிய, மனிதனைக் கண்டால் வாழைப்பழம் எதிர்பார்க்கும் யானை காட்டுக்குப் போகாது, ஏலக்காய்த் தோட்டத்துக்குத்தான் வரும். திருவனந்தபுரம் மாவட்டத்துக் கோட்டூரில் உள்ள அரசு யானை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புவதை நான் விரும்பினேன். முதலாளி உரிமையை விட்டுத்தரத் தயாராக இல்லை. மூத்த யானையிடமிருந்து இவளைப் பிரிப்பதில் எனக்கே தயக்கமும் இருந்தது. இரண்டு பேரும் தினமும் மாலையில் தும்பிக்கையை ஒருவர் வாயில் ஒருவர் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, யானை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், சவாரியும் கோயில் எழுந்தருளல் ஊர்வலமும் இனி இல்லை என்று மூன்று வருஷத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம். தீனிக்கும் மருந்துக்கும் மாதாமாதம் நாங்கள் பணம் தருவது, பாகன் சம்பளத்தை முதலாளி தருவது என்று ஏற்பாடு. கேரளத்து விதிகளில் ஓய்வு வயது பொதுவாக 65. இவளுக்கு அந்த வயது ஆகவில்லை என்பதால் என் மருத்துவச் சான்றையே ஒப்பந்தத்துக்கு ஆதாரமாக வைத்தோம்.

ஜூன் முதல் வாரம் இருக்கையைக் கழற்றினோம். நிறைய படம் எடுத்தோம். அன்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம், நானும்தான்.

முதல் ஆறு வாரம்

முதல் பத்து நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஓய்வில் இருக்கிற யானைக்கு அவசரமாக என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் போனபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் அதே சிமெண்டுத் தரையில், இரண்டு கால்களில் சங்கிலியோடு நின்றாள். முதுகுப் புண் ஆறிவிட்டது. ஆனால் இடது முன்காலின் சீழ்ப்பை பெரிதாகியிருந்தது, வலது முன்காலில் புதிதாக ஒன்று. நகங்கள் தேயாமல் வளர்ந்து முனை பிளந்திருந்தன. ஆட்டம் முன்பைவிடக் கூடியிருந்தது.

பாகன் அங்கே இல்லை. மதியம் வந்தார். என் கோபத்தை அவரிடம் காட்டினேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை நடத்தச் சொன்னேனே, கால் கழுவச் சொன்னேனே என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்து நின்றார், பதில் சொல்லவில்லை. பாகனை மாற்ற வேண்டும் என்று அன்றிரவு குழுவில் நானே சொன்னேன். வனச்சரகராக இருந்தவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "பத்தொன்பது வருசம் கூட இருந்தவனை விரட்டிட்டு யாரை அவகிட்ட நிப்பாட்டப் போறீங்க?" என்றார். அந்த ஒரு கேள்விதான் பெரிய தவறிலிருந்து எங்களைக் காப்பாற்றியது.

ஜூலை நடுவில் ஒரு இரவு பாகனே போன் செய்தார். முந்தின நாள் காலையிலிருந்து சாணம் போடவில்லை. தும்பிக்கையால் வயிற்றில் அடித்துக்கொள்கிறாள், படுக்கப் போய் எழுகிறாள், தண்ணீர் தொடவில்லை. கேரளத்தில் இதை எரண்டக்கெட்டு என்பார்கள், குடலில் தீனி இறுகி அடைத்துக்கொள்வது. பல் தேய்ந்த யானைக்கு முற்றிய பனம்பட்டை (ஓலையோடு கூடிய பனை மட்டை) மட்டும் போட்டு, நடக்கவிடாமல் நிறுத்தினால் வரக்கூடியதுதான். காதின் பின்பக்க நரம்பில் பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றினோம். ஆசனவாயில் கைவிட்டு இறுகிய சாணத்தை எடுத்தோம், வெதுவெதுப்பான நீர் செலுத்தினோம், வலி மருந்து கொடுத்து மெல்ல நடத்தினோம். அந்த இரண்டு இரவும் பாகன் அவள் பக்கத்திலிருந்து நகரவில்லை. மழையில் அவரே முன்னால் நடந்தார், அவள் பின்னால் போனாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் சாணம் போட்டாள்.

எங்கே தவறியது

அன்று காலை கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் பேசினார்.

"சவாரி இருந்தா ஆளுங்க கையில குடுப்பாங்க சார். சீசன்ல சம்பளத்துக்கு மேலயே வரும். இப்ப அது நின்னுபோச்சு. வெறும் சம்பளத்துல பிள்ளை பீஸும் வீட்டு வாடகையும் முடியல. அதான் காலையில ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறேன்."

சரி, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே சார்" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சவாரி இருந்த நாட்களில் 16 சுற்று, 6.4 கிலோமீட்டர். பாரத்தோடு, தப்பான தரையில் என்றாலும், அவள் நடந்துகொண்டிருந்தாள். நகம் தேய்ந்தது, குடல் அசைந்தது. சவாரி நின்றபின் ஓடைக்குப் போய் வந்ததைத் தவிர நடையே கிடையாது. அரை கிலோமீட்டர்கூட வராது. சுற்றுலா வந்தவர்கள் கூடை கூடையாக ஊட்டிய வெள்ளரிக்காயும் வாழைப்பழமும் அவள் உடம்புக்குள் போன நீரில் ஒரு பங்கு என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை. ஊட்டுவதை நிறுத்தினோம், அதற்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. தீனிக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் முதலாளி வாங்கியது பனம்பட்டை. அவருக்குத் தெரிந்த தீனி அது. யானைக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவளுக்கு இருந்த ஒரே நடையையும், அவளை நடத்தக்கூடிய ஒரே மனிதரையும் ஒரே நாளில் பறித்திருந்தோம்.

திட்டத்தை மாற்றியது

2023 ஆகஸ்டில் ஒப்பந்தத்தைத் திருத்தினோம். பாகனின் சம்பளம் 12,000 ரூபாயை முதலாளி தொடர்ந்து தருவார். சவாரிக்கு வந்தவர்கள் அவர் கையில் கொடுத்த பணத்தை, அதாவது கைநீட்டத்தை, ஒரு வருஷத்துக்குச் சராசரி போட்டு மாதம் 11,000 ரூபாயை நாங்கள் நேரடியாக அவர் வங்கிக் கணக்கில் போடுவோம். விபத்துக் காப்பீடு தனி. கூட ஓர் உதவியாள். நன்கொடையாளர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, யானைக்குக் கொடுத்த பணம் மனிதனுக்குப் போகிறதே என்று. ஒருவர் விலகியும் போனார். எங்களால் அதில் இறங்கிவர முடியவில்லை.

தினசரி ஏற்பாட்டை இம்முறை பாகனே சொன்னார், நான் எழுதினேன். பக்கத்தில் கைவிடப்பட்ட காப்பித் தோட்டம் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தோம். காலையும் மாலையும் மண்பாதையில் நடை, மொத்தம் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாமல். இருபது நிமிடம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் ஊறவைப்பது, செத்த தோலைச் சீவுவது, நகத்துக்கு வாரம் ஒரு முறை அரம். தீனியில் பனம்பட்டையைப் பாதியாகக் குறைத்து, பச்சைப் புல்லும் ஆல், அத்தித் தழையும் சேர்த்தோம்; வெட்டிச் சிறிதாக்கிப் போட்டோம். பழம் காலை நடை முடிந்ததும் பாகன் கையால் மட்டும். சிமெண்டுத் தரையை உடைத்துவிட்டு மண் நிரப்பினோம், ஒரு மூலையில் மணல் குவித்தோம். கால் வலியுள்ள யானை மணல்மேட்டில் சாய்ந்து படுக்கும், எழுவதும் எளிது. இது என் யோசனை. இந்த ஆய்வில் நான் சரியாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றாவது இருக்கிறது.

சங்கிலியைப் பகலில் நீளமாக்கினோம். 2024 பிப்ரவரியில் தோட்டத்தைச் சுற்றிச் சூரியசக்தி வேலி போட்ட பிறகு இரவிலும் கழற்றிவிட்டோம்.

பின் நடந்தது

முதல் பலன் சாணத்தில் தெரிந்தது. மூன்று வாரத்தில் நார் குறைந்தது. சீழ்ப்பைகளில் ஒன்று நவம்பரில் மூடியது. இடது முன்கால் நடு நகம் முழுதும் விழுந்துவிட்டது. அங்கே ஒழுங்கற்ற ஒரு கட்டை நகம் வளர்ந்திருக்கிறது, அதற்கு வாழ்நாள் முழுதும் பராமரிப்பு வேண்டும். கண் அப்படியேதான் இருக்கிறது.

ஆட்டம் நிற்கவில்லை. குறைந்திருக்கிறது. சவாரி தொடங்கும் எட்டு மணி வாக்கில், அந்தப் பக்கத்திலிருந்து ஆள் சத்தம் கேட்டால், இன்றும் ஆடத் தொடங்குகிறாள்.

2023 அக்டோபரில் ஒரு நாள் காலை பாகன் போனில் ஒரு படம் அனுப்பினார். யானை முழுதாகக்கூடப் படத்தில் இல்லை; வெறும் விலா, அதில் காய்ந்த மண். குறிப்பேட்டின்படி அந்த மாதம் நான்கு இரவு படுத்திருக்கிறாள். அடுத்த வருஷம் மார்ச்சில் 22 இரவு.

மற்ற இரண்டு யானைகள்

இதை எழுதாமல் விட்டால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். 2023 டிசம்பரில் மூத்த யானையைத் தற்செயலாகப் பார்த்தேன். முதுகில் புதுப் புண். இவள் சுமந்த சுற்றுகளை எல்லாம் அந்த இருவரும் பங்கு போட்டுச் சுமந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஒப்பந்தம் ஒரு யானையைப் பற்றி மட்டுமே பேசியது. கொட்டகையின் மொத்தச் சவாரியைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. முதலாளி எதையும் மறைக்கவில்லை, மீறவும் இல்லை.

ஒரு யானைக்கு எட்டுச் சுற்றுக்கு மேல் கூடாது, மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை சவாரி கூடாது என்று பேசி முடிக்க 2024 ஏப்ரல் ஆனது. காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு மேடை கட்டி, இவள் ஓடையில் குளிப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கச் சீட்டு வைத்தார் முதலாளி. தொடுவதோ ஊட்டுவதோ படமெடுக்கப் பக்கத்தில் நிற்பதோ கிடையாது. சவாரி வருமானத்தில் பாதிகூட இன்னும் அதில் வரவில்லை. ஆனால் மேடைக்கு வருகிறவர்கள் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவரே கவனித்துச் சொன்னார். 2025 ஏப்ரலில் மூத்த யானையின் இருக்கையும் இறங்கியது. இரண்டு பேரும் இப்போது ஒரே வேலிக்குள் இருக்கிறார்கள்.

மறுபடி செய்வதாக இருந்தால்

முதல் நாள் யானையின் காலைப் பார்ப்பதற்கு முன் பாகனோடு ஒரு மணி நேரம் உட்காருவேன். சம்பளம், கைநீட்டம், கடன், பிள்ளைகள் படிப்பு, ஊருக்குப் போகிற நாள் எல்லாம் கேட்பேன். அவர் வருமானம் ஈடாகும் வரை இருக்கையைக் கழற்றச் சொல்ல மாட்டேன்.

சவாரியை ஒரே நாளில் நிறுத்தாமல், மண்பாதையும் புதுத் தீனியும் தயாரான பிறகு, பாரத்தைக் குறைத்து நடையைக் கூட்டி, ஆறேழு வாரத்தில் மாற்றுவேன். மழைக்காலத்தில் தொடங்க மாட்டேன். வேலை குறைவு என்று முதலாளிக்கு அது வசதி, கால் புண்ணுக்கு அதைவிடக் கெட்ட காலம் இல்லை.

ஒப்பந்தம் கொட்டகைக்கே போடப்பட வேண்டும். ஒரு யானையின் ஓய்வு மற்ற யானைகளின் முதுகில் ஏறக்கூடாது.

மூன்று வருஷம் என்ற கால அளவும் தவறு. இவள் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கக்கூடும். பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு இன்று எங்களிடம் இருப்பது இரண்டு வருஷத்துக்கான பதில்தான். முதலாளியால் முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு, 2024 மார்ச்சில் வந்த வளர்ப்பு யானை இடமாற்ற விதிகளின்படி விண்ணப்பிக்கத் தேவையான ஆவணங்களை, மரபணு விவரம் உட்பட, இப்போதே சேர்த்து வைத்திருக்கிறோம்.

28 வயது யானை இன்னும் சவாரி போகிறாள். அவளுக்குக் காலில் ஒன்றும் இல்லை, முதுகில் தழும்பு இல்லை. அவளுக்காக நான் எழுதிக்கொடுக்க மருத்துவக் காரணம் எதுவும் கையில் இல்லை. அடுத்த பருவமழைக்குள் அவள் பாகனின் வருமானக் கணக்கை முடித்துக்கொண்டு முதலாளியிடம் பேசப் போகிறோம்.